சூஃபாங்

அம்மாவின் தங்கை, என் சித்தி, சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் வேலை பார்த்தாள். மூன்று வருடம் கழித்து ஒரு மாத விடுப்பில் போடிக்கு வந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெருமையடிக்க எனக்கு ஒரு சீனச் சொல் வேண்டியிருந்தது.

"அங்க நீ எங்க சித்தி படுப்ப? அந்த எடத்துக்கு அவுக என்ன சொல்லுவாக?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் யோசித்து, "சூஃபாங்" என்றாள்.

படுக்கையறை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படியொரு அறை கிடையாது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் என் பாய் விரியும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தேன். எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டும் அப்பாகூட, "போ, வெரசா சூஃபாங்ல படு" என்று சொல்லப் பழகிவிட்டார். சித்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் திரும்பிப் போக மூன்று நாள் இருந்தது. ஒரு மொழியில் பேசினால் இன்னொன்றில் சொல்லும் வசதி அவள் செல்போனில் இருந்தது. சாயங்காலம் அதை எடுத்து அந்தச் சொல்லைச் சொன்னேன். "சமையலறை" என்றது. இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னது. தப்பைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஓடினேன். சித்தியோடு கொடுத்தனுப்ப அம்மா ஏலக்காயைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி தப்பாச் சொல்லிக்குடுத்திருச்சும்மா. சூஃபாங்னா அடுப்படியாம்."

பக்கத்தில் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த சித்தி நிமிரவில்லை. அம்மா நூலைப் பிடித்தபடியே இருந்தாள்.

"அடுப்படியிலயா படுத்த?"

"பெரிய அடுப்படிக்கா."

"மூணு வருசமா? தனி ரூமு குடுத்திருக்காகன்னு சொன்னியே."

"சொல்லாட்டி போக விட்டிருப்பியா? சிலமலையில கட்டுற வீடு சொவரு மட்டும் நிக்குது. மேல தளம் போடணும்ல."

அம்மா எழுந்து, சித்தியின் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை முடிந்து வந்த அப்பா, விஷயம் கேட்டதும் ஜீப்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்தான். வெகுநேரம் உட்காரவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். வழியனுப்ப மட்டும் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நான் சித்தியின் காதோடு, "நீ தப்பாச் சொன்னத நான் பள்ளிக்கூடத்துல யாருகிட்டயும் சொல்லல சித்தி" என்றேன்.

"சொல்லாத ஆத்தா" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

தெரியாத பாஷையில் ஒரு வார்த்தை பிசகியதற்கு இவ்வளவு கோபமா என்று, எனக்கு அம்மாவின் மேல் பல நாள் வருத்தம் இருந்தது.