சீக்காளி வீட்டு ஆப்பிள்

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு, யாராவது படுத்துவிட்டால்தான் ஆப்பிள் வரும். அப்பா படுத்த படுக்கையானதும், பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு பை ஆப்பிளும் வாய் நிறைய யோசனையும் கொண்டுவந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. "அதப் பாத்தாலே பொழைக்க மாட்டேன்னு தோணுதும்மா" என்றார். பழங்கள் ஃப்ரிட்ஜில் கிடந்து சுருங்கின.

முன்பு ஒருமுறை நான் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தபோது, ஒரு கடையில் ஆப்பிளை மாவுக்குள் வைத்துப் பொரித்து, காகித உறையில் சுடச்சுடத் தந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டுச் சுருள வதக்கினேன். மைதாவைத் தேய்த்து, தீபாவளிக்கு எடுக்கும் சோமாசி அச்சில் வைத்து மூடி, எண்ணெயில் பொரித்தேன். அப்பா இரண்டு சாப்பிட்டார்.

"சீக்காளிக்கு எண்ணெய்ப் பலகாரமா?" என்று அத்தை கத்தினார். அப்பா தன் தங்கையைப் பார்த்துக்கொண்டே காலித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

மறுவாரம் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலுக்கு, "அந்த ஆப்பிள் சோமாசியும் போட்டுடு, அண்ணனுக்குப் பிடிச்சுது" என்று அத்தையே சொன்னார். வீட்டில் ஒரு ஆப்பிள்கூட இல்லை. செத்த வீட்டுக்கு யார் கொண்டுவருவார்கள்? ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிக்குப் போனேன். பழக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பையில் போட்டார்.

"நல்ல பழமா பாத்துப் போட்டுகீறேன்மா. சாப்ட்டா சீக்கிரம் எழுந்துடுவாங்க."