மூன்று முறை சுழன்ற கைகள்

கரண்ட் போனதும் மெழுகுதிரி ஏற்றினேன். தீக்குச்சி வாசத்தில் எழுபதுகளின் மெல்பர்ன் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் எங்களை முதன்முதலாக, அவர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு அழைத்திருந்தது. அந்த வீட்டு அன்ரி மெழுகுதிரிகளை ஏற்றி, சுடருக்கு மேல் மூன்று முறை கைகளைச் சுழற்றிக் கண்களைப் பொத்தினார். யாரும் சொல்லாமலே என் அக்காவும் பழகிய கையாக அப்படியே செய்தாள். எதிரே அன்ரியின் மகன் டேவிட் வெளிறிப்போனான்.

அப்பா குரலை உயர்த்தவில்லை.

“லைப்ரரியில இதுவும் பழக்கிறவையோ, பிள்ளை?”

அக்கா கைகளை எடுக்கவேயில்லை. அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஒவ்வொரு வெள்ளியும் லைப்ரரிக்குக் கூடப் போனது நீதானே?”

நானும் கண்களைப் பொத்தினேன்.

இன்றும் சுடரைக் கண்டால் கைகள் தாமாக எழும்புகின்றன, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க.