இரண்டு ஜோடிக் காலுறையும் ஓர் ஊசியும்

சில மாதங்களாக என் பாதங்கள் மரத்திருந்தன. கொடைக்கானல் குளிர்தானே என்று கம்பளிக் காலுறைக்கு மேல் இன்னொரு ஜோடியை மாட்டிக்கொண்டேன்.

இன்று பஜாரில் பழக்கடை பாய், "அம்மா, ஒத்தைச் செருப்போட எங்க வெரசாப் போறீங்க?" என்றார். மற்றது கழன்றதே எனக்குத் தெரியவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நர்ஸ் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, காலுறைகளைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கால் கதகதன்னுதான் இருக்கு ஆன்ட்டி. இது குளிர் இல்லைங்க. எடை குறைய வயித்துல ஆபரேஷன் பண்ணவங்க நீங்க, பி12 வைட்டமின் ஊசி ஆயுசுக்கும் போடணுமே. அது குறைஞ்சா நரம்பு மரத்துப் போகும். ஏன் விட்டீங்க?"

"தேதியை நினைவில் வைத்திருந்தவர் என் கணவர். போன வருடம் இறந்துவிட்டார்."

அவள் டாக்டரிடம் கேட்டு வந்து ஊசியைப் போட்டாள். எறும்புக்கடி அளவு வலிதான். கொஞ்ச நாள் அடிக்கடி போட வேண்டும், பிறகு மாதம் ஒன்று என்றாள்.

"உணர்ச்சி திரும்பி வருமா?"

"மெதுவா வரும் ஆன்ட்டி. முழுசா வருமான்னு சொல்ல முடியாதுங்க."

இத்தனை நாளும் கால் சூடாகத்தான் இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

இனிக் கைப்பேசி நினைவுபடுத்தும். அதற்குக் காபி போட்டுத் தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நினைவுபடுத்தும் வேலை யாருடையது?