தையற்காரி விட்டுவைத்த கறை

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வலது கை பிளேடைச் சாய்த்துப் பிடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடி மின்னடுப்பின் முன்பக்கச் சூட்டு வட்டத்தில், பாலும் சர்க்கரையும் பொங்கி வழிந்து கருகி, சொரசொரவென்று ஒரு வளையம் இறுகிக் கிடந்தது. கம்பி நார் பட்டால் கண்ணாடி கீறிப்போகும். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ்ஸின் முன்கண்ணாடியைக் குழந்தையின் முகம்போலத் துடைத்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு நன்றாக ஆறியிருந்தது. அடுப்பு துடைக்கும் கிரீமைத் தடவி ஊறவிட்டு, கறையைச் செதில் செதிலாகச் சுரண்டி எடுத்தார். ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. முகம் பார்க்கலாம் போல ஆனது.

மனைவி தையற்காரி. சட்டையில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் தூக்கம் வராது அவளுக்கு. அப்படிப்பட்டவள் இந்தக் கறையை மாதக்கணக்கில் விட்டுவைத்திருந்தது தோள்வலியால்தான் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தவள் திரும்பி வந்தாள். தானாகவே பார்க்கட்டும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் அடுப்பை விரல்களால் தடவினாள். மறுபடியும் தடவினாள். மினுமினுப்பை ரசிக்கிறாள் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. அவள் பால் பாத்திரத்தை வைத்துக் குமிழைத் திருகினாள். பாத்திரம் பாதி வட்டத்துக்கு வெளியே நின்றது. சற்று நேரம் கழித்து, பால் காயவில்லையே என்று அதை நகர்த்தக் கை நீட்டியவள், சூடேறிய கண்ணாடியிலேயே விரல்களை வைத்துவிட்டாள்.

அவர் பாய்ந்து அடுப்பை அணைத்து, அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார்.

"ஏங்க, அந்தக் கறைய என்ன பண்ணீங்க?"

"சுரண்டிட்டேன். நீ சந்தோஷப்படுவேன்னு..."

"போச்சு போங்க! அதத் தடவிப் பாத்துத்தானே பாத்திரம் வைக்கிறேன். இந்தக் கறுப்புல எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கண்ணு அவ்வளவு மோசமாயிடுச்சா? ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்க மக அடுப்பக் கழட்டிட்டு டப்பா சாப்பாடு ஏற்பாடு பண்ணிடுவா. அன்னைக்கே சொன்னாளே. அப்புறம் நான் இங்க என்ன பண்றது? பொம்மை மாதிரி உக்காந்திருக்கவா?"

"நீ எங்க உக்காந்த? என் பஸ்ல ஏறினாக்கூட முன்னாடி வந்து நின்னு வழி சொன்னவ."

"நீங்க வழி தப்பினீங்க, சொன்னேன்."

விரல்கள் சிவந்திருந்தன; கொப்புளம் இல்லை.

"மககிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். "அடுப்பு இங்கதான் இருக்கும். ஆனா கண் டாக்டர்கிட்ட நீ வரணும். பேரம் பேசாத."

"வரேன், வரேன். கைய விடுங்க, தண்ணி வீணாப் போகுது."

"அது போகட்டும்."

மறுநாள் காலை முதல் வேலையாகக் கண் மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்கினார். பிறகு அவளுடைய பொத்தான் டப்பாவைத் திறந்தார். கண்ணாடியில் எதை ஒட்டினாலும் உருகிவிடும். அதனால் அதைச் சுற்றியுள்ள மேடைக்கல்லில் பொத்தான்களை ஒட்டினார். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேராக முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குமிழில் அணைக்கும் இடத்துக்கு ஒரு பாசிமணி. பசை காய்ந்ததும் அவளைக் கூப்பிட்டார். அவள் முன்வட்டத்தின் இரண்டு பொத்தான்களையும் தொட்டுப் பார்த்து, பாத்திரத்தை வைத்தாள். வட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"பக்கத்துல இருக்கிற பொத்தான் கோணலா இருக்கு," என்றாள்.

அவர் அதைப் பெயர்த்து நேராக ஒட்டினார்.