நல்லமுத்துவுக்குப் பிடிபடாத வண்டி

நல்லமுத்து முதலில் வண்டியின் அடிவயிற்றைத்தான் பார்ப்பார். பழைய உரச்சாக்கு ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தாரென்றால், விற்க வந்தவருக்கு அந்த மலைநாட்டுக் குளிரிலும் வெளியே வியர்த்துவிடும். பிறகு எழுந்து, விரலை மடக்கிக் கதவு, கூரை என்று ஒவ்வொன்றாகத் தட்டுவார். சைலன்சருக்குள் விரலை விட்டுக் கரியை முகர்வார். கால்மிதியைத் தூக்கி ஈரவாடை அடிக்கிறதா என்று பார்ப்பார். காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். இப்போது சொந்தமாக ஓர் ஓட்டோ வைத்திருக்கிறார். நோர்வூட் பக்கம் யார் பழைய வண்டி வாங்குவதானாலும், "நல்லமுத்தண்ணே பாத்துட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் "ம்ஹூம்" என்றால் பேரம் அதோடு சரி.

அவருடைய பரீட்சையில் இன்னொரு பகுதி உண்டு. மனைவி அழகம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஏற்றத்தில் ஓட்டுவார். கொழுந்து பறித்தே தேய்ந்துபோன இடுப்பு அது. "முதுகுல குத்துதுங்க" என்று அழகம்மா சொன்னால் ஸ்பிரிங் போய்விட்டது. "தல சுத்துதுங்க" என்றால் புகை உள்ளே வருகிறது. கராஜ்காரர்கள் சிரிக்கட்டும், அந்த இடுப்பு இதுவரை பொய் சொன்னதில்லை.

இப்பேர்ப்பட்ட மனுசரைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிவப்புக் கார் படாதபாடு படுத்திவிட்டது.

கொண்டுவந்தவர் அட்டன் வாகன வியாபாரி ஃபாஸில். வாங்க நினைத்தது நல்லமுத்துவின் மகள் வினோதா. அட்டனில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். காருக்கு ரெண்டே கதவு, ஆள் இடுப்புக்குச் சற்று மேலே முடிந்துவிடும் உயரம். பந்தயக் கார் தோற்றம், சாதாரணக் கார் விலை. "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா. ஆனா நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வினோதா சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டாளே ஒழிய, முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகமாகத்தான் இருந்தது. ஃபாஸிலோ தலவாக்கலையில் இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றைக்கே ஒரு முடிவு வேண்டும் என்று நின்றார்.

நல்லமுத்து சாக்கை விரித்தார். தலை உள்ளே போகவில்லை! வண்டி அவ்வளவு தாழ்வு. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எழுந்து பொனட்டைத் தூக்கினால், அது அப்பளம் மாதிரி எழும்பி வந்தது.

"என்னா தம்பி இது? பொனட்ட மாத்திப்புட்டாங்களா?"

"இல்லண்ணே, கம்பெனியே அலுமினியத்துல செஞ்சது. எட கொறஞ்சாத்தான் இந்த வண்டி பாயும்."

"எட கொறஞ்சா வழுக்குமேப்பா!"

இதென்ன நியாயம்? நல்லமுத்து அறிந்த உலகத்தில் பாரம்தான் வண்டிக்குக் காவல். மழைநாளில் வெறும் லொறியை இறக்கத்தில் விட்டால் பின்பக்கம் நழுவும். நாலு மூட்டை ஏற்றினால் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டுக்குள் போய் இரண்டு அரிசி மூட்டைகளைத் தூக்கிவந்து டிக்கியில் திணித்தார். தோட்டத்து ரோட்டின் முதல் குழியிலேயே வண்டியின் அடிப்பக்கம் கல்லில் கரகரவென்று உரச, வினோதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூட்டைய எறக்குங்கப்பா!"

"மூட்ட ஏறாத வண்டி எதுக்கும்மா? லயத்துல யாருக்காச்சும் ஆத்திர அவசரம்னா எங்க படுக்கவச்சுக் கொண்டுபோவ?"

"அதுக்குத்தான் ஒங்க ஓட்டோ இருக்கேப்பா. இது ஒன்னாவது எனக்கு மட்டும்னு இருக்கட்டுமே!"

எனக்கு மட்டும். அதுதான் நல்லமுத்துவுக்கு விளங்கவேயில்லை. லயத்தில் குழாய் பொது, கூரை பொது, பக்கத்துக் காம்பராவின் இருமல்கூடப் பொது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ஏன் இப்படிக் கேட்கிறது? பேராசைக்காரியா? சேச்சே, கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற பிள்ளை. பின்னே என்ன? கோபப்படவும் முடியாமல், சரியென்று சொல்லவும் வராமல், மூட்டைகளை இறக்கிவைத்தார்.

அழகம்மாவை ஏற்றப் பார்த்தால் அடுத்த வில்லங்கம். பின்னால் சீட்டு என்று ஒன்று இருந்தது. தாராளமாக ஒரு கைப்பை உட்காரலாம். அழகம்மா காலை விட்டுப் பார்த்தார், தலையை விட்டுப் பார்த்தார். "ஐயோ, எனக்கு ஆகாதுங்க. உள்ள போனா வெளிய வரமாட்டேன்" என்றவரை, வேறு வழியில்லாமல் முன்னால் உட்காரவைத்தார் நல்லமுத்து. இத்தனை வண்டி பார்த்தும் அழகம்மா முன் சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

தார் ரோட்டில் ஏறியதும் வண்டி வேறு ஆளாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், திரும்பியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. நனைந்து கிடந்த வளைவில், வழுக்கப்போகிறது வழுக்கப்போகிறது என்று நல்லமுத்து பல்லைக் கடித்தார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குற்றம் சொல்ல வழியில்லை. நல்ல வண்டிதான் ஐயா, ஆனால் எதற்கு நல்லது? கொழுந்து ஏற்றவில்லை, நோயாளி இல்லை, போய்ச் சேர வேண்டிய இடம்கூட இல்லை. சும்மா போய்க்கொண்டிருக்கிறார், அதில் சந்தோசம் வேறு! அந்தச் சந்தோசத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அழகம்மா, தான் நின்றுகொண்டே காலத்தைக் கழித்த மலையை உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்துக்கு முன்னால் வந்து நிறுத்தியதும் வினோதா ஓடிவந்து அம்மாவின் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள். ஃபாஸில் போனும் கையுமாக அவளுக்குப் பின்னால் நின்றார்.

"என்னாப்பா? சொல்லுங்கப்பா!"

நல்லமுத்து வாயைத் திறந்தார். வேண்டுமா, வேண்டாமா? இரண்டில் எதுவும் வரவில்லை.

"அந்தக் கோயில் வளைவு வரைக்கும் இன்னொருக்கா போயிட்டு வருவமா?" என்றார் அழகம்மா, அவரைப் பார்க்காமலே.

"அம்மா, எறங்குங்கம்மா. நான் ஓட்டிப் பாக்கணும்" என்று வினோதா கதவில் கை வைத்தாள்.

எந்தப் பொத்தான் என்று எப்போது பார்த்து வைத்திருந்தாரோ, அழகம்மா மகளின் முகத்துக்கு நேரே கண்ணாடியை மெல்ல ஏற்றிவிட்டார்.