பந்தைப் பார்க்காதவர்

கருவடிக்குப்பத்தில் என் மகன் ஆடிய மேட்சுக்கு அவர் வந்திருந்தார். வெளியூர் கால்பந்து கிளப் ஒன்றுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர். ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் ஈரத்துண்டு. மேட்ச் முழுக்க அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து வலப்பக்கம் போனால் இடப்பக்கம் நிற்பவனைப் பார்ப்பார்.

இரண்டு கோல் போட்ட பையனுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். "அவன எடுக்கலாமே சார்?" என்றேன்.

"நல்லா ஆடுறான். ஆனா பந்து போச்சுன்னா இடுப்புல கை வச்சிக்கினு நிக்கிறான். எங்க டீம்ல பந்து போன நொடியே துரத்தணும். உங்க பையன் துரத்துறான். லெஃப்ட்ல மேலயும் கீழயும் ஓடிக்கினே இருக்க அவன்தான் சரி."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, போன வருஷம் அவர் நெல்லித்தோப்பிலிருந்து கூட்டிப்போன பையனைப் பற்றி விசாரித்தேன். "அவனும் லெஃப்ட்தானே சார்? எப்படி இருக்கான்?"

"முட்டி போயிடுச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த எடத்துக்குத்தான் இப்ப ஆள் பாக்குறேன்."

"அவனுக்கு முன்னாடி இருந்தவன்?"

"அவனுக்கும் முட்டிதான்" என்றார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலமே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பையில் துணியை அடுக்க ஆரம்பித்தான்.

அந்த மனிதர் என்னிடம் மறைத்திருக்கலாம். ஏன் சொன்னார் என்று இன்னும் விளங்கவில்லை. இப்போது மகனின் மேட்ச் போனில் வருகிறது. வீட்டில் எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். நான் அவன் முட்டியைப் பார்க்கிறேன்.