நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

குவைத்தில் அப்பாசியா பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான். வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடக் கடிதம், விசா கொடுத்த முதலாளியான கஃபீலுக்கு லீவு விண்ணப்பம் எல்லாம் என்னிடம் வரும். கேட்டதைவிட அழகாக எழுதிக் கொடுப்பேன். அழகை யாரும் கேட்டதில்லை.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த பெண்மணி வன்னியிலிருந்து வந்தவர். நாற்பதை ஒட்டிய வயது. காலையில் என் மேசைக்கு டீ கொண்டுவருவார். அவருடைய இலங்கைத் தமிழை வைத்து நான் ஏதாவது ஜோக் அடிப்பேன். "உங்களுக்கு எல்லாம் பகிடிதான் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு வருடப் பழக்கம் என்பது இவ்வளவுதான்.

ஒருநாள் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணை, எனக்கு ஒருக்கா டொக்டரிட்டைப் போகவேணும். அடிவயித்திலை நோ. இங்கிலீஷிலை கதைக்க வராது. நீங்கள் வந்து சொல்லுவியளோ?"

"தாராளமா. அவர் எழுதற மருந்துச் சீட்டையும் சேர்த்துப் படிச்சுச் சொல்றேன். அது அவருக்கே படிக்க வராது."

அவர் சிரிக்கவில்லை. "அங்கை வந்து பகிடி விடக்கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் எகிப்துக்காரர், அவசரத்தில் இருந்தார். எத்தனை நாளாக வலி என்றார். நான் தமிழில் கேட்டேன். அந்தப் பெண்மணி மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"சண்டை முடிஞ்சு எங்களை முகாமிலை வச்சிருக்கேக்கை, காவலுக்கு நிண்டவங்கள் ரெண்டு பேர் என்னைக் கெடுத்தவங்கள் அண்ணை. அண்டையிலிருந்து இந்த நோ. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. டொக்டருக்குச் சொல்லுங்கோ."

டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். போர்களைப் பற்றிய புத்தகங்களுக்கு மட்டும் வீட்டில் ஓர் அலமாரி வைத்திருக்கிறவன் நான். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் வாயிலிருந்து வந்தது இது: பல வருடங்களுக்கு முன்பு ஊரில் ஒரு விபத்து, அதன் பிறகு வலி.

டாக்டர் 'விபத்து' என்று எழுதிக்கொண்டு ஐந்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார்.

காரில் ஏறியதும் எனக்குள் காரணங்களை அடுக்கினேன். அப்படியொரு விஷயத்தை ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் வரை போகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம், அவருடைய மானம். எல்லாம் நியாயமான காரணங்கள். அந்த அறையில் இருந்தபோது இவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் குறை. எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

சிக்னலில் நின்றபோது, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"கதைக்கத்தான் வராது அண்ணை. கேட்டா விளங்கும்."

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

"திரும்பிப் போகலாம்மா. இந்தத் தடவை சரியாச் சொல்றேன்."

"ஏலாது அண்ணை. உங்களுக்கு முன்னாலை இன்னொருக்கா அதைச் சொல்ல ஏலாது."

பத்து நாள் டீ வந்தது. அவர் வைத்துவிட்டுப் போனார், நான் குடித்தேன். ஜோக் எதுவும் இல்லை. பதினோராவது நாள் ஒரு வெள்ளைத்தாளும் சேர்ந்து வந்தது.

"அண்டைக்கு நான் சொன்னதை இங்கிலீஷிலை எழுதித் தாங்கோ. ஒரு லேடி டொக்டரிட்டைக் குடுக்கப்போறன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

எழுத உட்கார்ந்தேன். 'துரதிர்ஷ்டவசமாக' என்று ஆரம்பித்திருந்தேன். அடித்தேன். அடுத்த முறை எழுதியதில் அவருக்கு என்னவோ நடந்திருந்தது, செய்தவர்கள் யாரும் இல்லை. அதையும் அடித்தேன். கடைசியில் நான்கு வரி நின்றது. வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே அலங்காரம் இல்லாதது.

"ரெண்டு பேர் எண்டது இருக்கோ?"

"இருக்கும்மா. முதல் வரியிலேயே."

தாளை நான்காக மடித்து, சிவில் ஐடி அட்டை வைக்கும் உறைக்குள் செருகிக்கொண்டார்.

அந்தப் பெண் டாக்டர் சிரியாவிலிருந்து வந்தவர். நான் உள்ளே போகவில்லை. வெளியே நாற்காலியில், குழந்தை வளர்ப்புப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"டாக்டர் என்ன கேட்டாங்க?"

"வாசிச்சுப்போட்டு ஒண்டும் கேக்கேல்லை. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து இருந்தவ. பிறகு எனக்குத் தானா வாயிலை வந்திட்டுது. எல்லாத்தையும் தமிழிலையே சொன்னன் அண்ணை. அவவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனா கேட்டுக்கொண்டு இருந்தவ."

தமிழ் தெரிந்தவன் நான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் நீட்டினார். உள்ளே பழைய காயத்தின் தழும்பு, இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டது, மருந்தில் குறையும், முழுக்கப் போகாது என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. படித்துச் சொன்னேன்.

"அது எனக்கு முந்தியே தெரியும்" என்றார். "குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

"பின்னாடி" என்றேன்.